பரிசோதனை கற்பித்த பேராசிரியர்

எஞ்சினீயரிங் பயிலும் நம் இளைஞர்களுக்கு ரெய்னால்ட்ஸ் என்ற பெயர் ஓர் எண்ணின் பெயராகவே அறிமுகமாகிறது. கண்ணாடிக் குழாயில் நீர் ஓடுகிறது. அதன் நடுவே சாயநீர் மெல்லிய நூல்போல் ஓடுகிறது. வால்வைச் சற்று அதிகமாகத் திறந்தால் அந்த நூல் நடுங்கி, சுழன்று, சிதறிப் போகிறது. இச்சோதனையைச் செய்யாமல் நம் மாகாணத்தில் சிவில் அல்லது மெக்கானிகல் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் அநேகமாக இல்லை எனலாம். ஆயினும் அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், எவ்வாறு வாழ்ந்தார், முப்பத்தேழு வருஷ காலம் ஆசிரியராக இருந்து என்ன கற்பித்தார் என்று கேட்டால் விடை சொல்வோர் அரியர். அவ்விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பெரியோர் ஒருவரை நினைவுகூர்வது மட்டும் நம் கருத்தன்று. அவருடைய வாழ்க்கை இன்றைய நம் கல்வி முறைக்கு எதிராக ஒரு வழக்குத் தொடுக்கிறது. அவ்வழக்கை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ் 1842-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் பாதிரியார், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர், பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், அத்துடன் விவசாயக் கருவிகளைத் திருத்தி அமைப்பதில் ஆர்வம் மிகுந்து, அவற்றுக்கு உரிமைப் பத்திரமும் பெற்றவர். வேதநூல், கணிதம், கலப்பை ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பிரதேசத்தைச் சேர்ந்த டெட்ஹாம் என்னும் ஊரில் வளர்ந்த சிறுவனுக்கு யந்திரங்களின்மீது பற்று ஏற்பட்டதில் வியப்பில்லை.

அக்காலத்துக் கனவான் வீட்டுப் பிள்ளைகள் நேரே சர்வகலாசாலைக்குச் செல்வதே வழக்கம். ரெய்னால்ட்ஸ் அவ்வாறு செல்லவில்லை. 1861-ல், பத்தொன்பது வயதில், ஸ்டோனி ஸ்ட்ராட்போர்டு என்ற ஊரில் எட்வர்டு ஹேய்ஸ் என்பவருடைய யந்திரப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அரமும் சுத்தியலும் பிடித்து வேலை பழகினார். அங்கே தம் கண்முன் நிகழும் பலவற்றுக்குக் காரணம் தெரியவில்லை என்பதையும், கணிதமின்றி அக்காரணங்களை எட்ட முடியாது என்பதையும் உணர்ந்தார். அதன் பின்னரே கேம்பிரிட்ஜுக்குச் சென்று குவீன்ஸ் கலாசாலையில் கணிதம் பயின்று, 1867-ல் பட்டப் பரீட்சையில் ஏழாவது ஸ்தானம் பெற்றுத் தேறினார். கை முதலில் கேள்வி கேட்டது. புத்தி பின்னர் விடை தேடப் புறப்பட்டது. இந்த வரிசையை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அவர் பின்னாளில் கற்பித்த முறை முழுவதும் இந்த வரிசையிலிருந்தே பிறந்தது.

லண்டனில் ஒரு சிவில் எஞ்சினீயரிடம் சிறிது காலம் பணி செய்த பின், 1868-ல் மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கலாசாலையில் எஞ்சினீயரிங் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். மான்செஸ்டர் என்றதும் நம் தேசத்தாருக்கு நினைவு வருவது வேறு. நம் நெசவாளரின் தறிகளை ஓய வைத்த மில் துணியின் தலைநகரம் அது. அந்த மில்களையும் அவற்றுக்கு வேண்டிய யந்திரங்களையும் நடத்திய தொழிலதிபர்களே, தங்கள் தொழிலுக்குக் கற்றறிந்த எஞ்சினீயர்கள் வேண்டும் என்று பணம் திரட்டி இப்பதவியை ஏற்படுத்தினர். முதலில் எண்ணியிருந்த ஆண்டுச் சம்பளம் 250 பவுன். அது தக்கவரை ஈர்க்காது என்று கண்டு 500 பவுனாக உயர்த்தினர். ஆசிரியருக்குக் கொடுக்கும் ஊதியத்தில் சிக்கனம் பாராட்டுவது தொழிலுக்கே நஷ்டம் என்பதை அந்த வியாபாரிகள் அறிந்திருந்தனர். பதவி கிடைத்தபோது ரெய்னால்ட்ஸுக்கு வயது இருபத்தைந்து.

அவ்வருஷமே அவருக்கு விவாகமும் நடைபெற்றது. ஆனால் ஓராண்டுக்குள் மனைவி காலமானார். அவர் விட்டுச் சென்ற ஆண் குழந்தையும் பின்னர் 1879-ல் இறந்தது. 1881-ல் மறுமணம் செய்துகொண்டு மீண்டும் இல்லறம் கண்டார். இத்துயரங்களைப் பற்றி அவர் விரித்து எழுதி வைத்தவரல்லர். வேலையிலேயே ஆழ்ந்தார் என்பதற்கு அவ்வருஷங்களில் இடைவிடாது வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் சாட்சி.

அந்நாளில் இங்கிலாந்தில் எஞ்சினீயரிங் கல்வி இரண்டு கட்சிகளுக்கிடையே சிக்கித் தவித்தது. தொழிலைப் பட்டறையில்தான் கற்க வேண்டும், கலாசாலைப் படிப்பு எஞ்சினீயரைக் கெடுத்துவிடும் என்பது பழுத்த தொழிலாளரின் கட்சி. கணிதமும் சித்திரமும் கற்பித்துவிட்டால் போதும், மற்றவை வேலையில் தாமே வந்து சேரும் என்பது புத்தகக் கட்சி. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தை மறந்தன. பட்டறையில் வேலை செய்பவன் பொருளை உருவாக்கக் கற்கிறான். வகுப்பில் உட்கார்ந்திருப்பவன் பொருளைப் பற்றிக் கணக்கிடக் கற்கிறான். பொருளையே கேள்வி கேட்டு, அது சொல்லும் விடையை அளந்து எழுதிக்கொள்ள இருவருமே கற்பதில்லை. இந்த மூன்றாவது வித்தைதான் பரிசோதனை. அதைக் கற்பிப்பதற்கு ஓவன்ஸ் கலாசாலையிலும் தொடக்கத்தில் வசதி ஏதுமில்லை. ஒரு காலத்தில் ரிச்சர்டு காப்டன் வசித்த பழைய வீடொன்றில்தான் கலாசாலை நடந்துவந்தது. 1873-ல் புதிய கட்டிடத்துக்கு மாறியது. எஞ்சினீயரிங் பகுதிக்கெனத் தகுந்த பரிசோதனைச்சாலை அமைய, ரெய்னால்ட்ஸ் பதவியேற்றபின் ஏறக்குறைய இருபது வருஷங்கள் ஆயின.

கருவிகள் இல்லை என்று அவர் கைகட்டி இருக்கவில்லை. மின்னல் தாக்கிய மரம் ஏன் வெடித்துப் பிளக்கிறது என்ற கேள்வி எழுந்தது. மரத்திலுள்ள ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி உடைக்கிறது என்று எண்ணினார்; சிறு குழாயில் நீரை அடைத்து மின்பொறி பாய்ச்சி, அது வெடிப்பதைக் காட்டினார். மழை பெய்யும்போது கடல் அலை அடங்குகிறது என்று மாலுமிகள் சொல்வது உண்மையா என்று கேட்டார். சாயமிட்ட நீர்த்துளிகளைத் தெளிந்த நீரில் விழச்செய்து, ஒவ்வொரு துளியும் வளையமாகச் சுழன்றுகொண்டு கீழே இறங்குவதையும், அதனால் மேல்நீர் கீழ்நீருடன் கலந்து அலை தளர்வதையும் கண்டார். கடற்கரை ஈரமணலில் கால் வைத்தால், காலைச் சுற்றி மணல் ஏன் உலர்ந்தாற்போல் வெளுக்கிறது என்று யோசித்தார். மணலும் நீரும் நிரப்பிய ரப்பர்ப் பையை அழுத்திப் பார்த்து, நெருங்கி அமைந்த மணிகள் இடம் மாறும்போது அவற்றின் இடைவெளி பெருகி நீரை உள்ளிழுக்கின்றன என்று 1885-ல் விளக்கினார். குழாய், சாயம், மணல், ரப்பர்ப் பை: இவற்றுக்கு என்ன விலை? எந்த ஏழைக் கலாசாலையும் வாங்கக்கூடியவை அல்லவா?

வகுப்பில் அவர் நல்ல பேச்சாளர் அல்லர். இதை மறைப்பது நேர்மையாகாது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே புதிய எண்ணம் ஒன்று தோன்றினால் மாணவரை மறந்து அதன் பின்னே போய்விடுவார். சாமானிய மாணவர் பின்தொடர முடியாமல் திகைப்பர். பிறர் எழுதியதை முதலில் படிப்பது அவர் வழக்கமன்று. பிரச்னையைத் தாமே முதலிலிருந்து யோசித்து, முடிவு கண்ட பிறகே பிறர் நூலைப் புரட்டுவார். இம்முறையில் காலவிரயம் உண்டு. சில வேளை பிறர் முன்பே கண்டதைத் திரும்பக் காண்பதும் உண்டு. ஆனால் கூர்ந்து கவனித்த மாணவருக்கு, ஒரு மனம் உண்மையை எப்படித் தேடுகிறது என்பதை நேரில் காணும் வாய்ப்பு அதில் கிடைத்தது.

அப்படிக் கவனித்தவர்களுள் ஒருவர் 1870-ல் பதினான்கு வயதில் எஞ்சினீயரிங் பயில வந்து சேர்ந்த ஜோசப் ஜான் தாம்சன். ஆசிரியரின் சொற்பொழிவுகள் விளங்கக் கடினமானவை என்பதையும், அவருடைய சுயசிந்தனை தம்மை ஆட்கொண்டது என்பதையும் தாம்சன் முதுமையில் எழுதிய சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். 1884-ல் கேம்பிரிட்ஜின் காவண்டிஷ் பேராசிரியர் பதவி காலியானபோது ரெய்னால்ட்ஸும் ஒரு வேட்பாளர். பதவியோ அவருடைய பழைய மாணவரான தாம்சனுக்குக் கிடைத்தது. ஆசிரியர் மான்செஸ்டரிலேயே தங்கித் தம் வேலையைத் தொடர்ந்தார். 1897-ல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். மாணவனிடம் தோற்பதே ஆசிரியனுக்குப் பெருமை என்று கருதும் மரபில் வந்தவர்கள் நாம். இவ்வரலாறு நமக்கு விசேஷமாக இனிக்கும்.

இனி அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். குழாயில் ஓடும் நீர் சில வேளை சீராக ஓடுகிறது. சில வேளை கலங்கிச் சுழன்று ஓடுகிறது. ஒன்று எப்போது மற்றொன்றாக மாறுகிறது? இதுவே கேள்வி. ஆறடி நீளமுள்ள தொட்டியொன்றில் நீரை நிரப்பி, அதனுள்ளே புனல்போல் விரிந்த வாயுடைய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ஓரங்குலம், அரையங்குலம், காலங்குலம் என்ற அளவில் மூன்று குழாய்களை மாற்றி மாற்றிச் சோதித்தார். தொட்டியை நிரப்பியவுடனே சோதனையைத் தொடங்கமாட்டார். உள்ளே நீர் அசைவற்று அடங்கும்வரை மணிக்கணக்காகக் காத்திருப்பார். நீரின் உஷ்ணத்தையும் குறித்துக்கொள்வார். ஏனெனில் உஷ்ணம் மாறினால் நீரின் பிசுப்பும், அதாவது பாய்வதற்கு அது காட்டும் உள்தடையும், மாறும். பின்னர் வால்வை மெல்லத் திறந்து சாயநூலைக் கவனிப்பார். நூல் சிதறிய பிறகு நிறம் முழுவதும் கலந்த மங்கலாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். மின்பொறியின் கண நேர ஒளியில் பார்த்தபோது, அந்த மங்கலுக்குள்ளே தெளிவான சுழல்கள் நெருக்கமாக நிற்பது தெரிந்தது.

1883-ல் வெளியான அவருடைய கட்டுரை, நீரின் வேகம், குழாயின் குறுக்களவு, நீரின் அடர்த்தி ஆகிய மூன்றையும் பெருக்கி, பிசுப்பால் வகுத்தால் வரும் ஒற்றை எண்ணே இம்மாற்றத்தை ஆள்கிறது என்று நிலைநாட்டியது. குழாய் பெரிதாயினும் சிறிதாயினும், நீர் குளிர்ந்ததாயினும் வெதுவெதுப்பாயினும், அந்த எண் ஒன்றே அளவுகோல். பைப்பில் ஓடும் எண்ணெய்க்கும், ஆகாய விமானத்தின் இறக்கைமேல் ஓடும் காற்றுக்கும், நம் நாளங்களில் ஓடும் இரத்தத்துக்கும் இன்று அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 1908-ல் ஜெர்மானிய அறிஞர் ஸோமர்பெல்டு அதற்கு ரெய்னால்ட்ஸ் எண் என்று பெயரிட்டார்.

இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. ரெய்னால்ட்ஸ் கண்ட எல்லை ஒன்றன்று, இரண்டு. நீரை நன்றாக அடங்கவிட்டு மெல்ல வேகத்தைக் கூட்டினால், அந்த எண் 12,000 அல்லது 13,000 ஆகும்வரையில்கூட ஓட்டம் கலங்காமல் இருந்தது. நீண்ட ஈயக் குழாய்களில் கலங்கிய நீரை முதலிலேயே செலுத்தி, அது எப்போது தெளிகிறது என்று அழுத்தத்தை அளந்து பார்த்தபோது எல்லை சுமார் 2,000 ஆயிற்று. கீழெல்லை நிலையானது, மேலெல்லை பரிசோதிப்பவர் எவ்வளவு அமைதியை ஏற்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. 1910-ல் எக்மன் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர், ரெய்னால்ட்ஸின் அதே கருவியைக் கொண்டு, இன்னும் அதிக ஜாக்கிரதையுடன் சோதித்து 40,000-க்கும் மேலே சென்றார். பிற்காலத்தில் அதே மான்செஸ்டரில் அச்சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு ரெய்னால்ட்ஸ் எட்டிய 13,000-ஐக்கூட எட்ட முடியவில்லை. தெருவில் ஓடும் மோட்டார் வண்டிகளின் அதிர்ச்சியே காரணம். ஒரே கருவி, ஒரே ஊர்; மூன்று விடை. எது பிழை? ஒன்றும் பிழையன்று. ஒவ்வொரு விடையும் தன் சூழ்நிலையோடு சேர்த்துச் சொல்லப்படும்போது உண்மையாகிறது. சூழ்நிலையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்லும்போது பொய்யாகிறது. பரிசோதனைக் கல்வியின் சாரம் முழுவதும் இதில் அடங்கும் என்போம்.

எதிர்பாராததைக் கவனிப்பதும் அக்கல்வியின் ஓர் அங்கம். 1880-களில் பிரிட்டிஷ் மெக்கானிகல் எஞ்சினீயர்கள் சங்கத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் உராய்வை ஆராய்ந்து வந்தார். பேரிங்கின் மேல்புறத்தில் எண்ணெய்க்காக இட்ட துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார், அதுவும் வெளியே வந்தது. எரிச்சலுற்று வேறு வழி தேடுவதுதான் மனித சுபாவம். டவர் அங்கே அழுத்தமானியைப் பொருத்தினார். பேரிங்கின்மேல் ஏற்றிய பாரம் சராசரி சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல். மானியோ 200 ராத்தலையும் கடந்தது. தண்டு உலோகத்தின்மேல் சுழலவில்லை, தானே இழுத்துக்கொண்ட எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது என்பது அதனால் புலனாயிற்று. இதற்குரிய கணித விளக்கத்தை 1886-ல் ரெய்னால்ட்ஸ் அளித்தார். உலகத்தில் சுழலும் யந்திரங்களுக்கெல்லாம் பேரிங் அமைக்கும் சாஸ்திரம் அக்கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. வெளியே விழுந்த மரமுளையை ஒருவர் கவனித்தார். கவனித்து எழுதியதை மற்றொருவர் நம்பினார். அவ்வளவே.

மாதிரி அமைத்துச் சோதிப்பதிலும் அவர் முன்னோடி. மான்செஸ்டருக்குக் கப்பல் கால்வாய் வெட்டும் யோசனை 1880-களில் எழுந்தபோது, மெர்ஸி ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் எவ்வாறு நகரும் என்பது பெரிய சர்ச்சையாயிற்று. பார்லிமெண்டுக் கமிட்டிகளின் முன்னே நிபுணர்கள் ஒருவர் சாட்சியத்தை ஒருவர் மறுத்தனர். ரெய்னால்ட்ஸ் 1885-ல் அம்முகத்துவாரத்தைத் தொட்டியில் சமைத்தார். நீள அகலத்தில் 31,800-க்கு ஒன்று, ஆழத்தில் 960-க்கு ஒன்று என்ற அளவு. கடலில் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகும் ஏற்றவற்றம் தொட்டியில் சுமார் 42 வினாடியில் முடிந்தது. சமதளமாகப் பரப்பிய மணல், ஆயிரக்கணக்கான ஏற்றவற்றங்களுக்குப் பின், மெய்யான முகத்துவாரத்தின் மேடுபள்ளங்களை ஒத்து அமைந்தது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. நிபுணர்கள் ஓயாது வாதாடிய வழக்கில், மணலையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார் அவர்!

மாணவர்களுக்கான பரிசோதனைச்சாலை கடைசியில் வந்தது. இங்கிலாந்தில் எஞ்சினீயரிங் மாணவருக்கென முறையான பரிசோதனைச்சாலையை 1878-ல் லண்டன் யூனிவர்ஸிடி கலாசாலையில் அமைத்தவர் அலெக்ஸாண்டர் கென்னடி. அந்தப் பெருமை அவருக்கே உரியது. திருகாணியின் மரைக்கு நிலையான அளவு வகுத்த ஸர் ஜோசப் விட்வொர்த் 1887-ல் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்தின் உதவியால் ஓவன்ஸிலும் விட்வொர்த் பரிசோதனைச்சாலை எழுந்தது. அதில் 1888-ல் நிறுவிய நீராவி யந்திரத்தை ரெய்னால்ட்ஸ் மாணவரின் தேவையை மனத்தில் வைத்தே திட்டமிட்டார். விளையாட்டுப் பொம்மை போன்ற சிறு யந்திரத்தை அவர் விரும்பவில்லை. ஏறக்குறைய நூறு குதிரைச் சக்தியுள்ள மெய்யான யந்திரமே வேண்டும் என்றார். நீராவி மூன்று சிலிண்டர்களில் படிப்படியாக விரியும் அவ்வகை யந்திரத்தில், சாதாரணமாக மூன்றும் ஒரே தண்டைச் சுழற்றும். இங்கோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தண்டு, தனி நீர்ப் பிரேக். ஒன்றின் வேகத்தை மாற்றிவிட்டு மற்றவற்றில் என்ன நேர்கிறது என்று மாணவர் பார்க்கலாம். தொழிற்சாலையில் எவனும் இப்படி யந்திரம் அமைக்கமாட்டான். உற்பத்திக்கு அது உதவாது. கேள்வி கேட்பதற்கு அதைவிட உத்தமமான யந்திரம் இல்லை.

சிவில், மெக்கானிகல் என்று கிளை பிரிவதற்கு முன்னால் எல்லா மாணவரும் ஒரே அடிப்படை விஞ்ஞானத்தைக் கற்கவேண்டும் என்பது அவருடைய திடமான கொள்கை. யந்திரம் நாளை மாறிவிடும். அளக்கும் முறையும் ஐயப்படும் பழக்கமும் மாறாமல் உதவும் என்பதே அதன் பொருள்.

மாணவருக்காக அமைத்த அந்த யந்திரமே விஞ்ஞான உலகத்துக்கு ஓர் அரிய அளவையும் தந்தது. உழைப்பு உஷ்ணமாக மாறும்போது எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு உஷ்ணம் என்ற கணக்கை முதலில் துல்லியமாக நாட்டியவர் மான்செஸ்டரை அடுத்த ஸால்போர்டில் பிறந்த ஜூல். அவர் 1840-களில் நீரைத் துடுப்பால் கலக்கியபோது உஷ்ணம் ஒரு டிகிரிகூட ஏறவில்லை; அத்தனை சிறிய ஏற்றத்தை உஷ்ணமானியில் படிக்க வேண்டியிருந்தது. 1889-ல் ஜூல் காலமானபின் அவருடைய வரலாற்றை எழுதியவர் ரெய்னால்ட்ஸ்தான். அவரும் மூர்பி என்ற இளம் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, விட்வொர்த் சாலையின் யந்திரத்தையும் நீர்ப் பிரேக்கையும் கொண்டு அதே கணக்கைப் புதிதாக எடுத்தனர். உறைநிலையை ஒட்டிய குளிர்நீர் பிரேக்கினுள் நுழைந்தது. யந்திரத்தின் உழைப்பு முழுவதையும் ஏற்றுக்கொண்டு கொதிநிலையில் வெளியேறியது. உஷ்ணமானியின் இடைக்கோடுகள் பிழைபடலாம். உறைநிலையும் கொதிநிலையும் இயற்கையே நாட்டிய இரு எல்லைக்கற்கள். அவ்விரண்டுக்கும் இடையே அளந்தால் மானியின் குற்றம் கணக்கில் நுழையாது. கனத்த பாரத்தில் ஒரு சோதனை, இலேசான பாரத்தில் ஒரு சோதனை என்று ஜோடியாகச் செய்து, இரண்டின் வித்தியாசத்தை எடுத்ததால், இரண்டுக்கும் பொதுவாக உள்ள உஷ்ண நஷ்டமும் கழிந்துபோயிற்று. 1897-ல் ராயல் சொஸைட்டியில் இம்முடிவுகள் வெளியிடப்பட்டன. பிழையே இல்லாத கருவி உலகில் இல்லை. பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிந்து, அது புகாத வழியைத் தேர்ந்துகொள்வதே பரிசோதகனின் சாமர்த்தியம். இதைவிடச் சிறந்த பாடத்தை எந்த வகுப்பில் கற்பிக்க முடியும்?

அவருக்கு மரியாதைகள் வந்தன. 1877-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார். 1888-ல் அதன் ராயல் பதக்கம் பெற்றார். ஆனால் அவர் கண்ட யாவும் நிலைத்தன என்று சொல்லமாட்டோம். பிரபஞ்சம் முழுவதும் நுண்ணிய மணிகள் நெருங்கிய ஒரு பொருளால் ஆனது என்று 1903-ல் வெளியிட்ட பெரு நூலை விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. மணல்பையிலிருந்து புறப்பட்டு வானமண்டலம்வரை சென்ற அந்தக் கற்பனைக்குச் சோதனையின் துணை இல்லை. துணை இருந்தவரையில் வென்றவர், அது இல்லாத இடத்தில் தோற்றார். அவருடைய தோல்வியும் அவருடைய முறைக்கே சாட்சி கூறுகிறது. இதற்குள் உடல் நலிந்து, பேச்சும் நினைவும் தளர்ந்தன. 1905-ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, ஸாமர்ஸெட் பிரதேசத்தில் வாட்செட் என்னும் கடற்கரையூரில் ஒதுங்கி வாழ்ந்தார். 1912-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி அங்கே காலமானார். அவருடைய தொட்டியும் குழாயும் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

இப்போது தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட வழக்குக்கு வருகிறோம். நம் கலாசாலைகளில் ரெய்னால்ட்ஸ் சோதனை நடைபெறும் விதம் என்ன? சோதனைக் கையேட்டின் முதற்பக்கத்திலேயே 2,000 என்ற விடை அச்சிட்டிருக்கிறது. மாணவர் வால்வைத் திறக்குமுன்பே வரவேண்டிய எண்ணை அறிவார். வேறு எண் வந்தால் சோதனை தவறு என்று அஞ்சுகிறார். மதிப்பெண் குறையும் என்று நடுங்குகிறார். ஆகவே சென்ற வருஷத்து மாணவரின் ரெக்கார்டு நோட்டை இரவல் வாங்கி, வாசிப்புகளைச் சிறிது மாற்றி, அழகிய கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆசிரியரும் கையெழுத்திட்டுவிடுகிறார். எல்லா மாணவரும் இவ்வாறு செய்கிறார்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் இவ்வழக்கத்தை அறியாத எஞ்சினீயர் எவரும் இல்லை.

நியாயஸ்தலத்தில், தான் கண்ணால் காணாததைக் கண்டதாகச் சொல்பவனுக்குப் பொய்ச்சாட்சி என்று பெயர். அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. பரிசோதனைச்சாலையில் அதே செயலுக்கு நாம் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் அளிக்கிறோம். பதினெட்டு வயதில் இப்படிப் பழகிய கை, நாற்பது வயதில் பாலத்தின் காங்கிரீட்டைச் சோதித்ததாகக் கையெழுத்திடும்போது, அந்தப் பாலத்தின்மேல் போகும் ஜனங்களின் உயிருக்கு யார் பொறுப்பு? அணையின் கசிவை அளக்கப்போன இடத்தில் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதினால், ஆற்றோரத்துக் கிராமங்களுக்கு யார் காவல்? மாணவரைமட்டும் நாம் குறை கூறவில்லை. சரியான எண்ணுக்கு மதிப்பெண் கொடுத்து, உண்மையான எண்ணுக்கு அபராதம் விதிக்கும் பரீட்சை முறையே முதற் குற்றவாளி.

இதற்குப் பரிகாரம் பெருஞ் செலவில் இல்லை. வரவேண்டிய விடையைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். நீரின் உஷ்ணம் என்ன, தொட்டி எவ்வளவு நேரம் அடங்கியிருந்தது, பக்கத்து அறையில் பம்பு ஓடிக்கொண்டிருந்ததா என்றெல்லாம் எழுதச் சொல்ல வேண்டும். ஒரு மாணவருக்கு 2,300-ம் மற்றொருவருக்கு 5,000-ம் வந்தால், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து வித்தியாசத்தின் காரணத்தைத் தேடும்படி செய்ய வேண்டும். அத்தேடலுக்கே மதிப்பெண் அளிக்க வேண்டும். கருவியின் பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன மாணவருக்கு முதல் ஸ்தானம் தரவேண்டும். இவ்வளவும் ஓர் ஆசிரியரின் துணிவினால் நாளையே ஆகக்கூடியவை.

பட்டறையில் அரம் பிடித்து, கேம்பிரிட்ஜில் கணிதம் கற்று, இருபது வருஷம் தகுந்த கூடமின்றித் தொட்டியையும் மணலையும் சாயத்தையும் கொண்டு உண்மையை விசாரித்த ஒரு மனிதரின் பெயரை நம் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். அந்தப் பெயரின் கீழே, தாங்கள் காணாத எண் ஒன்றை எழுதாதிருப்பார்களாக. அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே; தேசத்துக்குச் செய்யும் சேவையும் அதுவே.